இன்னும் எத்தனை காலம் தாங்கும்? ஆற்று மீன்களின் அழிவு ஆபத்தைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

420, 365, 510, 340, 290, 385, 260, 300, 215, 240, 190.

ஓர் ஆற்றில் பதினோரு ஆண்டுகளாக, ஒவ்வொரு சினைக்காலத்திலும் எண்ணிய பெரிய மீன்களின் எண்ணிக்கை என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்காக நானே எழுதிய வரிசைதான். ஆனால் களத்திலிருந்து வரும் கணக்குகளும் பெரும்பாலும் இதே லட்சணத்தில்தான் இருக்கும்: ஒரு வருடம் ஏறும், மறு வருடம் இறங்கும், மொத்தத்தில் சரியும். இதைக் கையில் கொடுத்துவிட்டு, "இந்த மீன் இன்னும் இருபது வருடம் கழித்து இருக்குமா?" என்று கேட்பார்கள். அதற்கு எப்படிப் பதில் கட்டுவது என்று பார்ப்போம். முதல் பாதிக்கு எக்செல் போதும். பின்பாதிக்கு ஆர் போன்ற ஒரு நிரல்மொழி கைவசம் இருந்தால் நல்லது.

இந்தக் கணக்குக்குப் பின்னால் மூன்று பெயர்கள் உண்டு. உயிர்களை வயது வாரியாகப் பிரித்து அணியில் வைத்துப் பெருக்கும் முறையை பாட்ரிக் லெஸ்லி 1945இல் தந்தார். ஒரு கூட்டம் பிழைத்திருக்க எத்தனை உயிர்கள் வேண்டும் என்ற கேள்வியை மார்க் ஷாஃபர் 1981இல் கரடிகளை வைத்துக் கேட்டார். வெறும் எண்ணிக்கை வரிசையிலிருந்தே அழிவு நிகழ்தகவைக் கணக்கிடும் வழியை பிரையன் டென்னிஸும் அவருடைய சகாக்களும் 1991இல் வெளியிட்டார்கள். மீதியெல்லாம் பெரும்பாலும் இவற்றின் மேல் கட்டிய மாடிகள்.

படி 1: எந்த மீன், எந்தக் கூட்டம்

தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்துகொள்ளும் ஒரே பகுதி மீன்களை இங்கே 'கூட்டம்' என்கிறேன். கணக்கு கூட்டத்துக்குத்தான், இனத்துக்கு அல்ல. ஓர் இனத்துக்கு ஐந்து கூட்டங்கள் இருந்தால் ஐந்து கணக்கு.

இது சாதாரண விஷயம் போலத் தெரியும், ஆனால் பலர் கால் இடறும் இடமே இதுதான். காவிரியின் முதுகு புடைத்த மஹசீர் நூறாண்டுக்கும் மேலாகத் தூண்டில்காரர்களிடையே உலகப் புகழ் பெற்ற மீன். அது டோர் ரேமாதேவி என்ற இனம்தான் என்று 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் அதை மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. இதற்கிடையே பொரிப்பகங்களில் வளர்த்து ஆற்றில் விடப்பட்ட இன்னொரு மஹசீர் இனம் அங்கே பெருகிவிட்டது. 'மஹசீர்' என்று ஒரே பெயரில் எண்ணியிருந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே கணக்கு சொல்லியிருக்கும். இனம் வாரியாகப் பிரித்த பிறகுதான் பழைய மீனின் சரிவு கண்ணில் பட்டது.

படி 2: 'அழிவு' என்றால் எது என்று முன்பே தீர்மானியுங்கள்

கடைசி மீன் சாகும் நாள் நமக்குத் தேவையில்லை. அது எப்போது நடந்தது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரிவதும் இல்லை. யாங்சி ஆற்றின் துடுப்புமூக்கு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் கெஜோபா அணை அதன் சினைப் பயணத்தை மறித்தது. உயிரோடு கடைசியாகப் பார்த்தது 2003இல். 2020இல் வெளிவந்த ஆய்வு, அந்த இனம் 2005க்கும் 2010க்கும் இடையில் முற்றிலும் மறைந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. அதோடு, 1993க்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து மீள முடியாத நிலைக்கு அது போய்விட்டது என்றும் சொன்னது. அதாவது, கண்ணில் தட்டுப்பட்டுக்கொண்டிருந்த கடைசிப் பத்தாண்டிலும் அந்தக் கதை முடிந்துபோன கதைதான்.

எனவே ஒரு வாசல் எண்ணை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே போனால் போனதுதான் என்று கொள்ள வேண்டும். நம் உதாரணத்துக்கு 50 பெரிய மீன்கள். ஏன் 50, ஏன் 30 இல்லை என்று கேட்பார்கள். துல்லியமான பதில் கிடையாது. ஆணும் பெண்ணும் சந்திப்பதே அரிதாகும் அளவு எது, நம் எண்ணும் முறை நம்பகத்தை இழக்கும் அளவு எது என்று பார்த்து வையுங்கள். முடிவு வந்த பிறகு மட்டும் மாற்றாதீர்கள்.

காலத்தையும் இப்போதே நிர்ணயியுங்கள். ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலின் ஐந்தாவது அளவுகோல் இப்படிப்பட்ட கணக்கைத்தான் கேட்கிறது. 10 ஆண்டு அல்லது 3 தலைமுறைக்குள் அழியும் வாய்ப்பு 50 சதவீதத்துக்குக் குறையாவிட்டால் மிக ஆபத்தான நிலை. 20 ஆண்டு அல்லது 5 தலைமுறைக்குள் 20 சதவீதம் என்றால் ஆபத்தான நிலை. 100 ஆண்டுக்குள் 10 சதவீதம் என்றால் பாதிக்கப்படக்கூடிய நிலை. ஆண்டு, தலைமுறை இரண்டில் எது நீளமோ அதை எடுக்க வேண்டும், உச்சவரம்பு 100 ஆண்டு. இருபது வயதில் பருவமடையும் மீனுக்கு 10 ஆண்டு என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும், தலைமுறைக் கணக்கு அதற்காகத்தான். இங்கே 'அழிவு' என்பது முழு அழிவு. 50 என்ற நம் வாசலைத் தொடும் வாய்ப்பை அப்படியே இந்த அளவுகோலில் பொருத்தக் கூடாது.

படி 3: எண்களைத் துலக்குங்கள்

மாடல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் உள்ளே போகும் எண் கோணல் என்றால் வெளியே வருவதும் கோணல்தான். நானே ஒருமுறை, வெள்ளத்தால் கணக்கெடுக்கவே முடியாத ஆண்டுக்குத் தாளில் பூஜ்யம் என்று போட்டுவிட்டேன். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது, அதனால் நிரல் முரண்டு பிடித்தது. அது முரண்டு பிடித்தது என் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் கவனித்தே இருக்க மாட்டேன். எண்ணாத ஆண்டு வெற்றிடம், பூஜ்யம் அல்ல.

ஒவ்வோர் ஆண்டும் அதே நீளத்து ஆறு, அதே வலை, அதே நாட்கள்தானா என்று பாருங்கள். ஓர் ஆண்டு நான்கு நாள், இன்னோர் ஆண்டு பத்து நாள் தேடியிருந்தால் மீன் பெருகவில்லை, உழைப்புதான் பெருகியிருக்கிறது. தண்ணீர் கலங்கிய ஆண்டில் மீன் கண்ணில் படாது, நீர் வற்றி மடுவில் ஒதுங்கிய ஆண்டில் நிறைய இருப்பது போலத் தோன்றும். பொரிப்பகக் குஞ்சுகளை விடும் ஆறு என்றால் அவற்றைத் தனியாகப் பிரியுங்கள் (துடுப்பின் ஒரு நுனியை வெட்டி அடையாளமிட்டு விடும் வழக்கம் இருந்தால் வேலை சுலபம்). வெளியிலிருந்து கொட்டிய மீனையும் சேர்த்து எண்ணினால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே "நிறைந்திருக்கிறது" என்று சொல்வது போலாகிவிடும்.

மொத்த எண்ணிக்கையை மதிப்பிட, பிடித்து அடையாளமிட்டு விட்டு மறுபடி பிடிக்கும் பழைய உபாயம் இருக்கிறது. 40 மீனுக்கு அடையாளமிட்டு விடுகிறீர்கள். அடுத்த வாரம் 50 பிடிக்கிறீர்கள், அதில் 8 அடையாளத்தோடு வருகின்றன. 40ஐ 50ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 250. மறுபிடிப்பு குறைவாக இருந்தால் இது கொஞ்சம் மிகையாக வரும். எனவே மூன்று எண்ணோடும் ஒன்றைக் கூட்டிச் செய்து, கடைசியில் ஒன்றைக் கழியுங்கள்: 41ஐ 51ஆல் பெருக்கி 9ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் 231.

படி 4: முதல் கணக்கு

இப்போது நம் பதினோரு எண்களுக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டின் எண்ணையும் முந்தைய ஆண்டின் எண்ணால் வகுத்து, அந்த விகிதத்துக்கு இயல் மடக்கை எடுங்கள். 365ஐ 420ஆல் வகுத்தால் 0.869, அதன் மடக்கை -0.140. மடக்கை எதற்கு என்றால், மீன் கூட்டலில் வளர்வதில்லை, பெருக்கலில் வளர்கிறது. பாதியாகக் குறைவதும் இரட்டிப்பாவதும் மடக்கையில் ஒரே தூரம்.

பத்து மதிப்புகள் கிடைக்கும்: -0.140, 0.335, -0.405, -0.159, 0.283, -0.393, 0.143, -0.333, 0.110, -0.234. இவற்றின் சராசரி -0.079, பரவற்படி 0.0768, திட்ட விலக்கம் 0.277. சராசரி என்பது போக்கு, பரவற்படி என்பது ஆட்டம். இந்த இரண்டையும் வைத்துத்தான் மொத்தக் கணக்கும்.

190இலிருந்து 50க்கு உள்ள தூரத்தையும் மடக்கையில் அளக்க வேண்டும்: 190ஐ 50ஆல் வகுத்தால் 3.8, மடக்கை 1.335. 20 ஆண்டுக்குள் வாசலைத் தொடும் நிகழ்தகவு இரண்டு துண்டுகளின் கூட்டல்.

முதல் துண்டு: தூரத்தை மைனஸ் ஆக்கி, அதிலிருந்து சராசரி பெருக்கல் 20ஐக் கழியுங்கள். -1.335 + 1.586 = 0.251. இதை, பரவற்படி பெருக்கல் 20இன் வர்க்கமூலமான 1.239ஆல் வகுத்தால் 0.20. இயல்நிலைப் பரவலில் இதற்கு இடப்பக்கம் உள்ள நிகழ்தகவு 0.580.

இரண்டாம் துண்டு: இம்முறை கழிப்பதற்குப் பதில் கூட்டுங்கள். -1.335 - 1.586 = -2.921, 1.239ஆல் வகுத்தால் -2.36, அதற்கான நிகழ்தகவு 0.0092. இதை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். சராசரியை மைனஸ் இரண்டால் பெருக்கி, தூரத்தால் பெருக்கி, பரவற்படியால் வகுத்தால் 2.757. மடக்கையை அவிழ்த்தால் 15.75. பெருக்கினால் 0.145.

கூட்டினால் 0.725. இருபது ஆண்டுக்குள் 50க்குக் கீழே போகும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம். சூத்திரம் பிடிக்காதவர்கள் கணினியில் 190இலிருந்து தொடங்கி, ஆண்டுக்கு ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்துப் பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்க்கலாம். சற்றுக் குறைவாக வரும். சூத்திரம் ஒவ்வொரு கணமும் கண்காணிக்கிறது, ஓட்டம் ஆண்டுக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

72 சதவீதம் என்று அறிக்கையில் எழுதிவிடலாமா? பொறுங்கள். சராசரியான -0.079 பத்தே பத்து மதிப்புகளிலிருந்து வந்தது. அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லை, -0.277 முதல் 0.119 வரை. இந்த இரு முனைகளையும் அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு முனையில் ஆபத்து 99 சதவீதத்துக்கும் மேல், மறு முனையில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அதாவது பதினோரு ஆண்டு உழைத்து எண்ணிய பிறகு நமக்குத் தெரிந்தது, "போகலாம், போகாமலும் இருக்கலாம்."

பலர் இங்கே மனம் உடைந்து மாடலை மூடி வைத்துவிடுகிறார்கள். மூட வேண்டாம்.

படி 5: ஆடியது ஆறா, எண்ணியவரா

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் இந்த ஒரு படியை மட்டும் செய்தாலே போதும், பாதி தவறுகள் நின்றுவிடும்.

அந்தப் பத்து மதிப்புகளை மறுபடி பாருங்கள். மைனஸ், பிளஸ், மைனஸ், மைனஸ், பிளஸ், மைனஸ், பிளஸ், மைனஸ், பிளஸ், மைனஸ். ஏறினால் உடனே இறங்குகிறது, இறங்கினால் பெரும்பாலும் உடனே ஏறுகிறது. உண்மையிலேயே ஓர் ஆண்டு மீன் குறைந்திருந்தால் அடுத்த ஆண்டு அந்தக் குறைந்த இடத்திலிருந்துதான் தொடங்கும், உடனே பழைய இடத்துக்குத் துள்ளி வருவதற்குக் காரணமில்லை. ஆனால் ஓர் ஆண்டு நாம் குறைத்து எண்ணியிருந்தால்? அடுத்த ஆண்டு சரியாக எண்ணும்போது தானாகவே 'ஏற்றம்' தெரியும்.

இதை அளக்கலாம். ஒவ்வொரு மதிப்புக்கும் அதற்கு அடுத்த மதிப்புக்கும் உள்ள ஒட்டுறவைக் கணக்கிடுங்கள். எல்லா ஆட்டமும் ஆற்றினுடையது என்றால் அது பூஜ்யத்தை ஒட்டி வரும். எல்லா ஆட்டமும் எண்ணும் பிழை என்றால் -0.5ஐ ஒட்டி வரும். நம் வரிசைக்கு -0.7 வருகிறது. பத்து மதிப்பில் இந்த அளவும் தள்ளாடத்தான் செய்யும், ஆனாலும் எந்தப் பக்கம் கை காட்டுகிறது என்பதில் சந்தேகமில்லை.

சரி, மறு எல்லைக்குப் போய்ப் பார்ப்போம். ஆட்டம் முழுவதும் எண்ணுபவருடையது, மீன் சீராகச் சரிகிறது என்று வைத்தால், விகிதங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, பதினோரு எண்களின் மடக்கைக்கும் ஒரே நேர்கோடு பொருத்த வேண்டும். கோட்டின் சரிவு ஆண்டுக்கு -0.078, கிட்டத்தட்ட முன்பு வந்த அதே எண். ஆனால் நம்பிக்கை இடைவெளி இப்போது -0.112 முதல் -0.044 வரைதான். பூஜ்யம் அதில் இல்லை. ஆண்டுக்கு 4 முதல் 11 சதவீதம் வரை குறைகிறது என்று துணிந்து சொல்லலாம். அதே வேகத்தில் போனால் சுமார் 18 ஆண்டில் 50ஐத் தொடும்.

எண்கள் அதேதான். ஆட்டம் ஆற்றினுடையது என்றால் "சரிகிறதா என்றே தெரியவில்லை". ஆட்டம் எண்ணுபவருடையது என்றால் "நிச்சயமாகச் சரிகிறது". இழுபறியான எண்ணிக்கையைக் காட்டி "இன்னும் சில வருடம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் வாதம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது. மறுபுறம், எண்ணும் பிழையை ஆற்றின் தலையில் கட்டினால் ஆபத்தை ஊதிக் காட்டும் தவறும் நடக்கும். நன்றாக வளரும் கூட்டம்கூட, ஆட்டம் அதிகம் என்ற ஒரே காரணத்தால் விளிம்பில் நிற்பது போலத் தெரியும்.

உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் மதிப்பிடும் நிலைவெளி மாடல்கள் இதற்காகவே உள்ளன, ஆர் மொழியில் மார்ஸ் என்ற தொகுப்பு இதைச் செய்யும். ஆனால் பதினோரு எண்ணைக் கொடுத்தால் அது அடிக்கடி இரண்டில் ஒன்றைப் பூஜ்யம் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அதை அப்படியே நம்பாதீர்கள். அதைவிட மலிவான மருந்து ஒன்று இருக்கிறது: ஒரே வாரத்தில் ஒரே பகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனியாக எண்ணட்டும். ஒரு குழு 210 என்றும் இன்னொன்று 160 என்றும் சொன்னால், ஒரு வாரத்தில் மீன் செத்துப் பிறக்கவில்லை, வித்தியாசம் எண்ணியவர்களுடையது. இரண்டு மூன்று ஆண்டு இப்படிச் செய்தால் எண்ணும் பிழை எவ்வளவு என்பது வெளியிலிருந்தே கிடைத்துவிடும்.

படி 6: வயது வாரியாகப் பிரியுங்கள்

இதுவரை எல்லா மீனும் ஒன்று என்று நினைத்தோம். எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதற்கு அது போதும். எங்கே சாகிறது என்று கேட்டால் போதாது.

பெண் மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சின்ன மாடல் கட்டுவோம். மூன்று வயதில் பருவம். ஒரு தாய் மீன் ஆண்டுக்கு 5,000 முட்டை இடுகிறது, அதில் பாதி பெண், அதாவது 2,500. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் ஒரு வயதைத் தொடுகிறது என்று வையுங்கள். ஒரு வயதிலிருந்து இரண்டுக்கு 40 சதவீதம் பிழைக்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 50 சதவீதம். வளர்ந்த மீன் அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்க 70 சதவீதம்.

இதை மூன்றுக்கு மூன்று அணியாக எழுதினால், அதன் முதன்மை ஐகன் மதிப்புதான் கூட்டத்தின் ஆண்டு வளர்ச்சி விகிதம். 1 என்றால் நிலையாக நிற்கிறது, குறைந்தால் சரிகிறது. ஆர் மொழியின் பாப்பயோ தொகுப்பு நொடியில் சொல்லிவிடும். கையாலும் செய்யலாம்: விகிதத்தின் கனத்திலிருந்து, 0.7 பெருக்கல் அதன் வர்க்கத்தைக் கழித்தால் 0.2 வர வேண்டும். (0.2 எங்கிருந்து வந்தது? 1 × 0.4 × 0.5.) விடை 0.931. ஆண்டுக்கு 7 சதவீதம் சரிவு. எண்ணிக்கை வரிசையிலிருந்து கிடைத்த சரிவோடு ஒத்துப்போகிறது. பயிற்சிக்காக அப்படி வைத்தேன். உங்கள் ஆற்றில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒன்று தவறு, அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இப்போது மாடலிடம் உருப்படியான கேள்வி கேட்கலாம். சரிவை நிறுத்த என்ன வேண்டும்? வளர்ந்த மீனின் பிழைப்பை 70இலிருந்து 80 சதவீதமாக உயர்த்தினால் விகிதம் மிகச் சரியாக 1 ஆகிறது. அதையே முட்டைப் பக்கத்திலிருந்து செய்ய வேண்டுமென்றால் முதல் ஆண்டுப் பிழைப்பை 50 சதவீதம் கூட்ட வேண்டும்: 5,000 பெண் முட்டைக்கு இரண்டு பிழைத்த இடத்தில் மூன்று பிழைக்க வேண்டும். நெகிழ்ச்சிக் கணக்கும் (ஒரு பிழைப்பை ஒரு சதவீதம் கூட்டினால் வளர்ச்சி விகிதம் எத்தனை சதவீதம் கூடும் என்ற கணக்கு) இதையே சொல்கிறது. வளர்ந்த மீனின் பிழைப்புக்கு 0.50, மற்ற மூன்று கட்டங்களுக்கும் தலா 0.17.

இதைப் பார்த்ததும் "அப்படியானால் பெரிய மீனைக் காப்பாற்றினால் போதும்" என்று முடிவெடுப்பது வழக்கம். அவசரம் வேண்டாம். நெகிழ்ச்சி எண், ஒரு சதவீதம் மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்கிறதே தவிர, எது நம்மால் மாற்ற முடிந்தது என்று சொல்வதில்லை. பெரிய மீன் பத்தில் இரண்டு எப்படியும் இயற்கையாகவே சாகும் என்றால் 80க்கு மேல் போக வழியே இல்லை. ஆனால் முட்டையிடும் கூழாங்கல் படுகையை வண்டல் மூடியிருந்து, அதைச் சுத்தம் செய்தால் முதல் ஆண்டுப் பிழைப்பு இரட்டிப்பாகும் என்றால், விகிதம் 1.058க்குப் போகிறது.

நீண்ட காலம் வாழும் மீன்களுக்கு ஓர் எச்சரிக்கை. அணை கட்டி முட்டையிடும் இடம் போன பிறகும், பெரிய மீன்களின் எண்ணிக்கை பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். இளைஞர் எல்லாம் வெளியேறி முதியோர் மட்டும் இருக்கும் ஊரைப் போல, எல்லா வீட்டிலும் விளக்கெரியும், பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருக்காது. எனவே மீனின் நீளத்தை அளந்து எழுதுங்கள். எல்லாமே பெரிய மீனாக இருந்தால் எண்ணிக்கை வரிசை சொல்லாததை அந்த நீள அட்டவணை சொல்லிவிடும்.

படி 7: கெட்ட காலத்தை உள்ளே விடுங்கள்

ஓர் ஆண்டு 1.5 மடங்கு, அடுத்த ஆண்டு 0.6 மடங்கு என்று மாறி மாறி வந்தால் சராசரி 1.05, அதாவது வளர்ச்சி. ஆனால் இரண்டையும் பெருக்கினால் 0.9. ஈராண்டுக்குப் பத்தில் ஒன்று காணாமல் போகிறது. ஆட்டம் தானாகவே கூட்டத்தைக் கீழே இழுக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை. எனவே ஒவ்வோர் ஆண்டும் பிழைப்பு விகிதங்களை ஒரு பரவலிலிருந்து சமவாய்ப்பாக எடுங்கள். பிழைப்பு 0க்கும் 1க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பதால் பீட்டா பரவல் வசதியானது.

எண்ணிக்கை சில பத்துகளுக்கு வந்துவிட்டால் தனி மீன்களின் தலையெழுத்தும் கணக்கில் வரும். மிஞ்சிய ஐந்து மீனும் ஒரே பாலாக அமைந்துபோக பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு.

அப்புறம் பேரழிவுகள். ஆண்டுக்கு 2 சதவீதம் மட்டுமே வாய்ப்புள்ள ஒரு நச்சுக்கழிவுக் கசிவோ கொடும் வறட்சியோ, 50 ஆண்டில் ஒருமுறையாவது வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நம் பதினோரு ஆண்டுத் தரவில் அது நடக்கவில்லை என்பதால் நடக்காது என்று ஆகாது. கெட்ட ஆண்டுகள் சேர்ந்தே வரும் என்பதையும் மறக்க வேண்டாம். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றில் குளிர்காலத்தில் ஏறிவரும் சினூக் சால்மன், 1960களின் இறுதியில் லட்சத்தைத் தாண்டி இருந்தது, 1990களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் இருநூறை ஒட்டி விழுந்தது. ஷாஸ்டா அணைக்கு மேலே உள்ள குளிர்ந்த நீர் அதற்கு எட்டாமல் போன பிறகு, அணையிலிருந்து திறக்கும் தண்ணீரின் குளிர்ச்சியை நம்பித்தான் முட்டை பொரிகிறது. 2014, 2015 இரண்டு வறட்சி ஆண்டுகளிலும் தண்ணீர் சூடாகி, முட்டையும் குஞ்சுமாகப் பெரும்பகுதி அழிந்தது. அந்த மீன் பெரும்பாலும் மூன்று வயதில் திரும்பி வந்து முட்டையிட்டு இறந்துவிடும். எனவே அடுத்தடுத்த இரண்டு கெட்ட ஆண்டு என்றால் மூன்று தலைமுறை வரிசையில் இரண்டு அடிபட்டுவிட்டது என்று பொருள். ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனிச் சீட்டாக எடுக்கும் மாடல் இந்த ஆபத்தைக் குறைத்துக் காட்டும்.

படி 8: நெரிசலும் தனிமையும்

மீன் பெருகினால் குஞ்சுகளுக்கு இடமும் இரையும் போதாது. எத்தனை தாய் மீனுக்கு எத்தனை குஞ்சு தேறும் என்று காட்ட பெவர்டன்–ஹோல்ட், ரிக்கர் என்று இரண்டு பழகிய வளைவுகள் உண்டு. கூட்டம் ஏற்கெனவே குறைந்திருந்தால் எது என்பது பெரிய வித்தியாசம் செய்யாது, ஓர் உச்சவரம்பு வைத்தாலே ஓடும். கவனம் வேண்டியது மறு முனையில்தான். எண்ணிக்கை குறையக் குறையத் துணை கிடைக்காமல் இனப்பெருக்கமும் குறையும் அல்லீ விளைவை வழக்கமான வளைவுகள் காட்டுவதில்லை. மிகக் குறைந்த எண்ணிக்கையில் மீன் அபாரமாகப் பெருகுவதாக அவை சொல்லும். நம் 50 என்ற வாசல் இந்தப் பொய்யிலிருந்து ஓரளவு காப்பாற்றுகிறது.

படி 9: ஆறு குளம் அல்ல

மூன்று துணையாறுகளில் மூன்று கூட்டம், ஒவ்வொன்றுக்கும் 20 சதவீத ஆபத்து என்று வையுங்கள். மூன்றும் தனித்தனியே ஆடினால் மூன்றும் ஒருங்கே அழியும் வாய்ப்பு 0.8 சதவீதம். மூன்றையும் ஒரே வறட்சி தாக்கும் என்றால் அது 20 சதவீதம். வித்தியாசம் இருபத்தைந்து மடங்கு. எனவே துணையாறுகளின் எண்ணிக்கை ஒன்றாக ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது அலங்கார வேலை அல்ல.

ஆற்றுக்கென்றே ஒரு குணமும் உண்டு: அணை ஒருவழிக் கதவு. மேலே உள்ள கூட்டத்திலிருந்து குஞ்சு கீழே அடித்து வரப்படலாம், கீழே உள்ள மீன் மேலே ஏற முடியாது. எனவே மேல்பகுதிக் கூட்டம் ஒருமுறை அழிந்தால் அங்கே மறுபடி மீன் வராது. மாடலில் இடப்பெயர்வை இரு திசைக்கும் ஒரே எண்ணாகப் போடாதீர்கள்.

படி 10: மரபணு, சுருக்கமாக

நூறு மீனில் 10 ஆண், 90 பெண் என்றால் மரபணு நோக்கில் அது நூறு அல்ல. ஆண், பெண் எண்ணிக்கையைப் பெருக்கி நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் 36 வருகிறது. இதுதான் பயனுறு எண்ணிக்கை. நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனம் பெருகும் உடனடி உள்ளினக் கலப்பைத் தவிர்க்க 50, நெடுங்காலத்துக்கு 500 என்ற விதியை இயன் ஃபிராங்க்ளின் 1980இல் முன்வைத்தார். அதை 100, 1,000 என்று இரட்டிப்பாக்க வேண்டும் என்ற வாதம் 2014இல் வந்தது. குறுகிய காலக் கணக்கில் மரபணுவை முழுதாக மாடலில் ஏற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. பயனுறு எண்ணிக்கையை அறிக்கையில் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

படி 11: ஓட விடுங்கள்

எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும்போது இரண்டு வளையம் வேண்டும். வெளி வளையத்தில் நமக்குத் தெரியாதவை: சராசரிப் பிழைப்பு 65ஆ 75ஆ, எண்ணும் பிழை எவ்வளவு. ஒரு தொகுதி மதிப்பை எடுத்து, அதை மாற்றாமல் உள் வளையத்துக்குள் போங்கள். அங்கே ஆண்டுகளின் அதிர்ஷ்டம் மட்டும் மாறட்டும், ஆயிரம் முறை. பிறகு வெளியே வந்து அடுத்த தொகுதி. இப்படிச் செய்தால் "தெரியாமை" தனியாகவும் "தலைவிதி" தனியாகவும் நிற்கும். முதலாவதை அதிகத் தரவு குறைக்கும், இரண்டாவதை எந்தத் தரவும் குறைக்காது.

ஆயிரம் முறை ஓட்டி 20 சதவீதம் வந்தால், ஓட்டத்தின் தள்ளாட்டத்தாலேயே இரண்டரை சதவீதம் இப்படி அப்படிப் போகும். எனவே 20.37 என்று தசமத்தோடு எழுதினால் அது துல்லியம் அல்ல, நடிப்பு. வோர்டெக்ஸ், ராமாஸ் போன்ற ஆயத்த மென்பொருள்களும் உண்டு. வோர்டெக்ஸ் ஒவ்வோர் உயிராகப் பின்தொடரும் வகை, ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீனுக்கு முட்டையிலிருந்து தொடங்காமல் ஒரு வயதிலிருந்து தொடங்கினால்தான் தாங்கும்.

படி 12: பதிலை எழுதுங்கள், அடுத்த எண்ணுக்குக் காத்திருங்கள்

அறிக்கையில் ஒற்றைச் சதவீதத்தை மட்டும் கொடுக்காதீர்கள். எதுவும் செய்யாவிட்டால், பிடிப்பைத் தடுத்தால், படுகையைச் சுத்தம் செய்தால், இரண்டையும் செய்தால் என்று நான்கு நிலைகளை ஒரே மாடலில், ஒரே சமவாய்ப்பு எண்களோடு ஓட்டி வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு நிலையின் ஆபத்து எண்ணும் எக்கச்சக்கமாகத் தள்ளாடும், ஆனால் எது எதைவிட நல்லது என்ற வரிசை பெரும்பாலும் அசையாமல் நிற்கும். வெளி வளையத்தின் எத்தனை தொகுதிகளில் அந்த வரிசை மாறுகிறது என்றும் எழுதுங்கள். மாறினால், எந்தத் தெரியாத எண் அதை மாற்றுகிறது என்று தேடுங்கள். அடுத்த ஆண்டுப் பணத்தை அதை அளக்கச் செலவிடலாம்.

கடைசியாக, பன்னிரண்டாவது எண் வருவதற்கு முன் உங்கள் கணிப்பைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். நம் வரிசைக்கு, ஆட்டம் முழுவதும் ஆற்றினுடையது என்ற கணக்கு அடுத்த சினைக்காலத்துக்கு 175 என்கிறது, 91 முதல் 338 வரை எதுவும் வரலாம். ஆட்டம் முழுவதும் எண்ணுபவருடையது என்ற கணக்கோ 192 என்கிறது, 125 முதல் 294 வரை. (190 கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்த எண் என்பதால், சரிவுக்கு நடுவிலும் அது சிறு 'ஏற்றத்தை' எதிர்பார்க்கிறது.) 110 வந்தால் இரண்டாவது கணக்கு திணறும். 200 வந்தால் இரண்டும் தலையாட்டும், மீன் பெருகிவிட்டது என்று யாராவது கொண்டாடினால் இந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.